மண்டையோட்டு அந்துப்பூச்சிகள்: மூன்று இனங்களையும் பிரிப்பது, புழு, கூட்டுப்புழு, தேன்பெட்டி

#1 எள்ளுக்காடு

எள்ளுச் செடியில் கிடக்கும் கொம்புப் புழு, விளக்கடியில் வந்து உட்காரும் மண்டையோட்டு அந்துப்பூச்சி, தேன்பெட்டிக்குள் செத்துக் கிடக்கும் பெரிய அந்து என்று படங்கள் நிறைய வருகின்றன. ஒரே மாதிரிப் படத்துக்கு ஒருவர் ஸ்டிக்ஸ் என்கிறார், இன்னொருவர் லேக்கசிஸ் என்கிறார், மூன்றாமவர் அட்ரோபோஸ் என்கிறார். எதைப் பார்த்தால் உறுதியாகச் சொல்லலாம்? புழுவை வைத்தே பிரிக்க முடியுமா? தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் இந்த இழையில் எழுதி வையுங்கள்.

#2 சிறகுவரி

முதலில் பேரினம். அக்கெரோன்டியா, 1809-ல் லாஸ்பெயரஸ் வைத்த பெயர். இதில் இருப்பது மூன்றே இனங்கள்: அட்ரோபோஸ் (லின்னேயஸ், 1758), லேக்கசிஸ் (ஃபப்ரீசியஸ், 1798), ஸ்டிக்ஸ் (வெஸ்ட்வுட், 1847). எல்லாமே கிரேக்கப் புராணத்தின் மரணப் பக்கத்துப் பெயர்கள். அக்கெரோனும் ஸ்டிக்ஸும் பாதாள ஆறுகள். லேக்கசிஸ் உயிர் நூலை அளப்பவள், அட்ரோபோஸ் அதை அறுப்பவள்.

எங்கே எடுத்த படம் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அட்ரோபோஸ் ஆப்பிரிக்காவின் பூச்சி. வெயில் காலத்தில் ஐரோப்பாவுக்குள் வலசை போகும், கிழக்கே ஈரான் பக்கம் வரை வரும். ஸ்டிக்ஸ் மேற்காசியாவில் தொடங்கி இந்தியா வழியாக ஜப்பான் வரை. லேக்கசிஸ் இந்தியா, இலங்கையிலிருந்து தென்கிழக்காசியத் தீவுகள் வரை. ஆகவே தெற்காசியாவில் எடுத்த படத்துக்கு "அட்ரோபோஸ்" என்று போட்டிருந்தால் அது அநேகமாகத் தவறு. பிரிக்க வேண்டியது ஸ்டிக்ஸையும் லேக்கசிஸையும்தான்.

அதற்கு முதுகு மண்டையோட்டை நம்பாதீர்கள். செதில் உதிர்ந்தால் அது மங்கிவிடும், விளக்கு வெளிச்சத்தில் நிறமும் மாறித் தெரியும். பார்க்க வேண்டியவை இவை:

பூச்சியை மல்லாத்தி வயிற்றின் அடிப்பக்கம். ஸ்டிக்ஸில் அது பெரும்பாலும் வெறும் மஞ்சள், குறுக்கே கறுப்புப் பட்டை இருக்காது. லேக்கசிஸிலும் அட்ரோபோஸிலும் பட்டை இருக்கும்.

முன்னிறக்கையின் அடிப்பக்கம். ஸ்டிக்ஸுக்கு நடுவில் இரண்டு பட்டைகள், அட்ரோபோஸுக்கு ஒன்று.

பின்னிறக்கை, மேல்பக்கம். லேக்கசிஸில் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் கறுப்புத் திட்டு நன்றாகத் தெரியும், பட்டைகளும் அகலம். மஞ்சள் குறைவாகவே மிஞ்சும். வயிற்றின் முதுகுப்பக்கமும் அப்படித்தான், நீலச் சாம்பல் பரவி மஞ்சளை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும்.

இறக்கை மூடி உட்கார்ந்திருக்கும் பூச்சியின் மேல்பக்கப் படம் ஒன்றே ஒன்று இருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. படம் எடுப்பவர்கள் ஒரு மெல்லிய குச்சியால் முன்னிறக்கையை லேசாக முன்னே தள்ளினால் போதும், பூச்சியே இறக்கையை விரித்து மஞ்சளைக் காட்டும். அந்த நேரத்தில் இரண்டு படம் எடுங்கள்.

#3 எள்ளுக்காடு

நன்றி சார். அளவு உதவாதா? லேக்கசிஸ்தான் பெரியது என்கிறார்களே.

#4 சிறகுவரி

லேக்கசிஸ் பொதுவாகப் பெரியதுதான், இறக்கை விரித்தால் 100 முதல் 130 மி.மீ. வரை போகும். ஆனால் புழுப் பருவத்தில் வயிறு நிறையத் தின்னாத லேக்கசிஸ், நன்றாகத் தின்ற ஸ்டிக்ஸைவிடச் சிறியதாக இருக்கும். அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

#5 ஈரமண்

புழுவைப் பற்றி நான் சொல்கிறேன்.

முட்டை தனித்தனியாக, பெரும்பாலும் முற்றிய இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். குவியலாக இருந்தால் அது வேறு பூச்சி. பொரித்ததும் வெளிறிய சின்னப் புழு, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் கறுத்த நேரான கொம்பு. ஐந்து பருவம் வளரும். முழு வளர்ச்சியில் 120 மி.மீ. தாண்டும், பெரியவர்களின் நடுவிரலைவிடத் தடிமன் இருக்கும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பச்சை, மஞ்சள், பழுப்பு என்று ஒரே இனத்துக்கு மூன்று நிறம் உண்டு. பச்சையும் மஞ்சளும் பக்கவாட்டில் ஏழு சாய்ந்த கோடுகள் போட்டிருக்கும். பழுப்பு அப்படியே வேறு பூச்சிபோல் இருக்கும், தலைக்குப் பின்னால் வெள்ளைத் திட்டும் உடம்பெல்லாம் மரப்பட்டைப் பொறியும்.

இனம் பிரிக்க வால் கொம்பைப் பாருங்கள். கடைசிப் பருவத்தில் அது கரடுமுரடாக, சின்னச் சின்ன மணிகள் பதித்த மாதிரி இருக்கும். ஸ்டிக்ஸில் கீழ்நோக்கி வளைந்து நுனி மட்டும் கொஞ்சம் மேலே தூக்கும். லேக்கசிஸில் நுனி நன்றாகச் சுருண்டு வளையம்போல் நிற்கும். இது கடைசிப் பருவப் புழுவுக்கு மட்டும். இளம் புழுவில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

செடிகளில் ஸ்டிக்ஸுக்கு எள் மிகவும் பிடிக்கும். கத்தரி, அவரை, மல்லிகை, நொச்சி, தேக்கு, தழுதாழை, உண்ணிச்செடி எல்லாவற்றிலும் வரும். லேக்கசிஸ் கல்யாண முருங்கை, தழுதாழை வகைகள், ஊமத்தை, புகையிலை, உண்ணிச்செடி. அட்ரோபோஸ் என்றால் உருளைக்கிழங்கு முதலிடம். ஆக, செடியை வைத்து இனம் சொல்ல முடியாது. எந்தச் செடியில் கிடைத்தது என்று குறிக்காமல் எடுத்து வந்தால் வளர்க்கவும் முடியாது, அதுதான் முக்கியம். ஒரு செடியில் பழகிய பெரிய புழு இன்னொரு செடியின் இலையைத் தொடாமல் பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

#6 எள்ளுக்காடு

அக்கா, வயலில் புழுவைத் தேடினால் கண்ணில் படுவதே இல்லை. இலை மட்டும் காணாமல் போகிறது.

#7 ஈரமண்

மேலே தேடாதீர்கள், தரையைப் பாருங்கள். புழுக்கைதான் காட்டிக்கொடுக்கும். பருந்து அந்துப்பூச்சிப் (மண்டையோட்டு அந்து சேர்ந்த குடும்பம்) புழுவின் புழுக்கை உருளையாக, நீளவாக்கில் பள்ளங்கள் ஓடி, சின்ன மக்காச்சோளக் கதிர் மாதிரி இருக்கும். பச்சை ஈரமாக இருந்தால் புழு நேர் மேலே இருக்கிறது. காய்ந்து கறுத்திருந்தால் நகர்ந்து போய்விட்டது. காம்பு மட்டும் மிஞ்சிய கிளையிலிருந்து அரை அடிக்குள் பாருங்கள், காம்போடு காம்பாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். தொட்டால் தாடையைச் சொடுக்கி 'டிக் டிக்' என்று சத்தம் போடும். கடித்து ஒன்றும் செய்துவிடாது, கொம்பிலும் விஷம் இல்லை.

எண்ணிக்கை எப்போதும் குறைவுதான் என்பதால் கையால் பொறுக்குவதே எள்ளுக்குப் போதும். மருந்து அடிக்கிற அளவுக்குப் பெருகுவது அபூர்வம். ஒன்றைக் கவனியுங்கள்: தலைக்குப் பின்னால் அரிசி நொய் போல வெள்ளை முட்டைகள் ஒட்டியிருந்தால் அந்தப் புழுவைக் கொல்லாமல் விட்டுவிடுங்கள். அது டாக்கினிட் ஈ வைத்த முட்டை. அந்தப் புழு அந்தாக மாறாது, அதற்குள்ளிருந்து ஈக்கள்தான் வரும். அந்த ஈக்கள் அடுத்த புழுக்களைப் பார்த்துக்கொள்ளும். அறுவடை முடிந்ததும் ஆழமாக ஓர் உழவு. மேலே வரும் கூட்டுப்புழுவைப் பறவைகள் விடாது.

#8 அடைத்தேன்

நம்ம ஆளுங்க பெட்டியைத் திறந்து இந்த அந்தைப் பார்த்ததும் "மெழுகு அந்து வந்துடுச்சு"ன்னு பயந்துடுறாங்க. ரெண்டும் வேற. மெழுகு அந்து சின்னது, சாம்பல் நிறம், பெட்டிக்குள்ள முட்டை போடும், அதோட புழு அடையைத் துளைச்சு நூல் கட்டும். இது முட்டை போட வர்றதே இல்ல. தேன் குடிச்சிட்டுப் போகத்தான் வருது. அடையில நூலாம்படை இருந்தா இது காரணம் இல்ல.

தடுக்கிறது சுலபம். வாசல் உயரம் 8 மி.மீ. இருக்கட்டும். வேலைக்காரி ஈ, ஆண் ஈ ரெண்டும் தாராளமா போகும், இந்த அந்தோட மார்பு அதுல நுழையாது. 6 மி.மீ.க்குக் கீழ இறக்காதீங்க, ஆண் ஈ மாட்டிக்கிட்டு வாசல் அடைபடும். வாசலைக் குறுக்குறப்ப காத்தோட்டத்துக்கு மேல்மூடியில வலை இருக்கான்னு பார்த்துக்குங்க. பழைய பெட்டியில மூலை பிரிஞ்சு விரல் நுழையுற சந்து இருந்தா வாசலைக் குறுக்கியும் பலன் இல்ல, அது அங்கதான் வரும்.

செத்த அந்து உள்ள கிடந்தா எந்த ஈயோட பெட்டின்னு பாருங்க. இத்தாலியத் தேனீன்னா தூக்கி வெளிய போட முடியாததைப் பிசினால மூடிடும், அந்து அப்படியே பிசின் போர்த்திக் கிடக்கும். நம்ம இந்தியத் தேனீ பிசின் சேர்க்காது, அதனால வெறும் உடம்பா அடிப்பலகையில கிடக்கும். அதை நாமதான் எடுக்கணும், இல்லன்னா எறும்பு வரும்.

#9 எள்ளுக்காடு

அவ்வளவு பெரிய பூச்சி நுழைந்தும் தேனீக்கள் ஏன் விடுகின்றன அண்ணே?

#10 அடைத்தேன்

வாசல்ல காவல் ஈ கண்டுக்கிட்டா விடாது, கொட்டும். உள்ள போயிட்டா ஏன் கண்டுக்கறதில்லைங்கிறதுக்கு இரவுச்சத்தம் சார் பதில் சொல்லட்டும், அவர் படிச்சவர்.

#11 இரவுச்சத்தம்

காரணம் வாசனை. மோரிட்ஸ், கிர்ச்னர், க்ரூ ஆகிய மூவரும் 1991-ல் அட்ரோபோஸின் உடல் மேற்பூச்சை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பால்மிடிக், பால்மிடோலியிக், ஸ்டியரிக், ஓலியிக் என்று நான்கு கொழுப்பமிலங்கள் அதில் இருந்தன. தேனீயின் உடம்பிலும் அதே நான்கு, விகிதமும் ஏறத்தாழ ஒன்றே. இருட்டான கூட்டுக்குள் தேனீக்கு முகம் என்பதே வாசனைதான். இந்த அந்து அங்கே கிட்டத்தட்ட முகமில்லாத ஒன்றாக நடந்து போகிறது. அதோடு தடித்த மேல்தோல், கெட்டியான செதில், அடையைப் பற்றி நடக்க வலுவான நகம். தேனீ இரண்டொரு முறை கொட்டினாலும் தாங்கும்.

ஆனால் இந்தப் பேரினத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய உறுப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் உறிஞ்சுகுழலைத்தான் சொல்வேன். மற்றப் பருந்து அந்துகளை நினைத்துப் பாருங்கள். நெருங்கிய சொந்தமான அக்ரியஸின் குழல் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு நீளும், பறந்தபடியே நீண்ட குழாய்ப் பூவின் அடிவரை விட்டுக் குடிக்கும். அக்கெரோன்டியாவின் குழல் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர்தான். தடித்து, விறைத்து, நுனி கூர்ந்து, சுருண்டிருக்கும்போதே ஒரு கொக்கி போலிருக்கும். பூவுக்கு அது உதவாது. மெழுகு மூடிய தேனறையைக் குத்தித் திறக்க அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. மரப்பிசின் கசிவு, வெடித்த பழம் ஆகியவற்றிலும் குடிக்கும். எல்லாம் உட்கார்ந்தபடிதான். மல்லிகைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் அந்தைப் பார்த்தால் அது இந்தப் பேரினம் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

சத்தமும் அதே குழல் வழியாகத்தான். கையில் பிடித்தால் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும். காலை உரசுகிறது, இறக்கையை உரசுகிறது என்றெல்லாம் எழுதியிருப்பார்கள், அவை சரியல்ல. தலைக்குள் தொண்டை அறையைத் தசைகள் இழுத்து விரிக்கும்போது காற்று குழல் வழியாக உள்ளே பாயும். உள்ளே போகும் வழியில் ஒரு சிறு மடல் படபடவென்று அடிக்கும், அது முதல் பகுதி, கரகரப்பாக இருக்கும். பிறகு அறை சுருங்கி அதே காற்றை வெளியே தள்ளும், அது இரண்டாம் பகுதி, குட்டையான சீழ்க்கை. இரண்டும் சேர்ந்து ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். ஆர்மோனியத் துருத்தியின் வேலையேதான். 2015-ல் ப்ரேமும் கூட்டாளிகளும் அதிவேகப் படப்பிடிப்போடு இதை விளக்கமாக எழுதினார்கள்.

#12 அடைத்தேன்

ராணி ஈ கூவுற மாதிரி கத்தி ஈக்களை மயக்குதுன்னு சொல்றாங்களே சார்?

#13 இரவுச்சத்தம்

அது கேட்க அழகான விளக்கம், சோதித்து நிறுவப்பட்டது அல்ல. எந்தச் சமயத்தில் கீச்சிடுகிறது என்று கவனியுங்கள். பிடிக்கும்போது, குத்தும்போது, பல்லி நெருங்கும்போது. கூடவே வயிற்றைத் தூக்கி, இறக்கையை விரித்து மஞ்சளைக் காட்டி, துள்ளித் துள்ளி நகரும். தின்ன வருபவரைத் திடுக்கிட வைக்கும் சத்தம் என்பதற்கு இதெல்லாம் பொருந்துகிறது. கூட்டுக்குள் தப்பிப்பதற்கு வாசனையே போதும்.

#14 கொல்லைப்புறம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். புழுவை வளர்த்தால் கூட்டுப்புழு வரை வருகிறது, அதற்கப்புறம் சுருங்கிச் சாகிறது, அல்லது வெளிவந்த அந்துக்கு இறக்கை சுருண்டே நிற்கிறது. எங்கே தவறு நடக்கும்?

#15 ஈரமண்

தவறு நடக்கும் இடம் நான்கு. வரிசையாகச் சொல்கிறேன்.

நெரிசல். பத்து லிட்டர் வாளிக்கு நான்கைந்து பெரிய புழுவுக்கு மேல் வேண்டாம். கூட்டம் கூடினால் புழுக்கை ஈரம் தேங்கி, புழு தளர்ந்து கறுத்து ஒழுகிவிடும். ஒன்றுக்கு வந்தால் மற்றவற்றுக்கும் பரவும், உடனே பிரித்து வாளியைச் சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கிளையைத் தண்ணீர்ப் பாட்டிலில் வைப்பதானால் வாயைப் பஞ்சால் இறுக்கி அடையுங்கள். புழு தண்டு வழியே இறங்கி மூழ்கிவிடும்.

மண் ஆழம். முழு வளர்ச்சி வந்ததும் நிறம் மங்கி, தின்பதை விட்டு, வாயிலிருந்து வரும் நீரை உடம்பெல்லாம் தடவிக்கொள்ளும். பார்த்தால் நோய் என்றே நினைப்பீர்கள். அது மண்ணுக்குள் போகத் தயாராகிறது. 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்கு மண் வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, விரலால் தட்டினால் உடைய வேண்டும். இதுதான் பக்குவம். மணல் மட்டும் போட்டால் அது கட்டும் அறை சரிந்துவிடும். களிமண் என்றால் துளைக்க முடியாமல் மேலேயே சுற்றிச் சுற்றிக் களைத்துப்போகும்.

அவசரம். பெரும்பாலான சாவு இதனால்தான். மண்ணுக்குள் போனதும் புழு உடனே கூட்டுப்புழு ஆவதில்லை. சில நாள் அறைக்குள் சுருங்கிக் கிடக்கும், பிறகே தோலை உரிக்கும். உரித்த புதிதில் கூட்டுப்புழு வெளிறி, வெண்ணெய் போல மென்மையாக இருக்கும். விரல் பட்டாலே உள்ளே நசுங்கும். இரண்டு வாரம் மண்ணைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகு எடுத்தால் மெருகு போட்ட தேக்குப் பழுப்பில், கெட்டியாக இருக்கும். லேசாகத் தொட்டால் வயிற்றை ஆட்டும். ஆட்டவில்லை என்றால் எடையைப் பாருங்கள். கனமாக இருந்தால் உயிர் இருக்கிறது, உமி போல் லேசாகிவிட்டால் இல்லை. ஈரத் தேங்காய்நார்த் தூள்மேல் வையுங்கள், கூட்டுப்புழுமேல் நேராகத் தண்ணீர் தெளிக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். வெக்கையான மாதங்களில் இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். வறட்சியிலோ குளிரிலோ மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஏறும் இடம். சுருண்ட இறக்கைக்குக் காரணம் இதுதான். வெளியே வந்ததும் அந்து ஏறித் தொங்க வேண்டும், தொங்கினால்தான் இரத்தம் பாய்ந்து இறக்கை நீளும். பிளாஸ்டிக் சுவரில் வழுக்கி வழுக்கி விழும், அதற்குள் இறக்கை காய்ந்துவிடும். சாக்குத்துணியோ சொரசொரப்பான குச்சியோ ஓரடி உயரத்துக்கு வையுங்கள். கூட்டுப்புழு கறுத்து மென்மையானால் ஓரிரு நாளில் வரும் என்று பொருள், அதற்குள் வைத்துவிட வேண்டும்.

#16 கொல்லைப்புறம்

முட்டை வைக்க விட வேண்டுமானால் அந்துக்கு என்ன கொடுப்பது?

#17 ஈரமண்

வெளிவரும்போது பெண்ணின் வயிற்றில் முட்டை முற்றியிருக்காது. உணவு கொடுத்தால்தான் முற்றும். பூச்செடியைக் கூண்டுக்குள் வைப்பது வீண், குழல் குட்டை என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். ஒரு பங்கு தேனுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, பாட்டில் மூடியில் ஊற்றி, இருட்டிய பிறகு பூச்சியின் இறக்கையை மேலே சேர்த்துப் பிடித்து மூடியின் ஓரத்தில் நிறுத்துங்கள். மழுங்கிய ஊசியைக் குழலின் சுருளுக்குள் விட்டு மெதுவாக இழுத்து நுனியைத் தேனில் படவிடுங்கள். முதலில் கீச்சிடும், உதறும். நுனி நனைந்ததும் அடங்கிவிடும். இரண்டாம் நாளிலிருந்து சில பூச்சிகள் தேன் நனைத்த பஞ்சில் காலை வைத்தாலே தாமாகக் குடிக்கும். குடித்து முடித்ததும் இன்னொரு மூடியில் வெறும் தண்ணீரில் குழலை நனைத்து விடுங்கள். தேன் காய்ந்தால் சுருள் ஒட்டிக்கொண்டு மறுநாள் விரியாது. தினமும் கொடுக்க வேண்டும்.

#18 சிறகுவரி

தேனில் கிடைக்கும் சக்தி எங்கே போகிறது என்பதற்கு ஒன்று சேர்க்கிறேன். அட்ரோபோஸ் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போகும் வலசைப் பூச்சி. மாக்ஸ் பிளாங்க் விலங்கு நடத்தை ஆய்வகத்தினர் 14 அந்துகளின் முதுகில் சிறு ரேடியோ அனுப்பிகளை ஒட்டி, ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸிலிருந்து பறக்கவிட்டு, சின்ன விமானத்தில் இரவில் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2022-ல் சயன்ஸ் இதழில் வந்தது. அதிகபட்சம் சுமார் 90 கி.மீ. வரை இடைவிடாமல் பின்தொடர முடிந்தது. வியப்பு தூரத்தில் இல்லை, பாதையில் இருக்கிறது: கோடு போட்ட மாதிரி நேராகப் பறந்தன. எதிர்காற்று அடித்தால் தாழப் பறந்து வேகத்தைக் கூட்டின, பின்காற்று கிடைத்தபோது அதில் மிதந்து போயின. காற்று தூக்கிக்கொண்டு போகும் தூசி அல்ல இந்தப் பூச்சி.

#19 எள்ளுக்காடு

கடைசியாக ஒன்று. உழும்போது மேலே வந்த கூட்டுப்புழு இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று வழவழப்பாக, ஒன்றுமில்லாமல். இன்னொன்றின் முகப்பக்கத்தில் ஜாடியின் கைப்பிடி மாதிரி வளைந்து தனியாக நிற்கிறது. ஆண், பெண் வித்தியாசமா?

#20 சிறகுவரி

இல்லை, பேரினமே வேறு. அந்தக் கைப்பிடிதான் உறிஞ்சுகுழல் உருவாகும் உறை. அக்ரியஸின் குழல் உடம்புக்குள் அடங்காத நீளம், அதனால் உறை வெளியே வந்து வளைகிறது. சர்க்கரைவள்ளிக் கொடியோ அதன் சாதிக் களைகளோ பக்கத்தில் இருக்கும், பாருங்கள். அதைவிடக் குட்டையான கைப்பிடி இருந்தால் சைலோகிராம்மா என்ற இன்னொரு பருந்து அந்துப் பேரினத்தையும் யோசிக்கலாம், அதுவும் நொச்சி, மல்லிகை, தேக்கு என்று இதே செடிகளில் வரும். வழவழப்பாக, கைப்பிடியே இல்லாமல் எள்ளுக்காட்டில் கிடைத்த பெரியது அக்கெரோன்டியா. குழல் குட்டை, உறையும் உடம்போடு ஒட்டியே முடிந்துவிடுகிறது.

ஸ்டிக்ஸா லேக்கசிஸா என்பதை மட்டும் கூட்டுப்புழுவில் சொல்ல முயலாதீர்கள். ஈரமண் அக்கா சொன்ன நார்த்தூளில் வைத்து, சாக்குத்துணி தொங்கவிட்டு, வெளிவந்ததும் வயிற்றின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

#21 எள்ளுக்காடு

வழவழப்பானவை மூன்று இருக்கின்றன சார், மூன்றும் தொட்டால் வயிற்றை ஆட்டுகின்றன. வாளியில் வைத்தாயிற்று. வந்ததும் மல்லாத்திய படத்தோடு வருகிறேன்.